டாப் கியரும் ஆரல்வாய்மொழிக் காத்தும்

நம்ம ஊரில் வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கிற அண்ணாச்சிமார் எல்லாருக்கும் ஒரே வேதம்தான். "மக்களே, சட்டுனு டாப்புல போடு, பெறவு கியரத் தொடாத. பெட்ரோல் நிக்கும்." வடசேரியில் போட்ட நாலாவது கியரைத் திருநெல்வேலியில்தான் இறக்கணும் என்கிற அளவுக்கு இதில் பக்தி.

முழுப் பொய்னு சொல்ல மாட்டேன். சமதளம், காத்து இல்லை, தனி ஆள் என்றால் 50 கி.மீ. வேகத்தில் டாப் கியர்தான் சரி. எஞ்சின் சுற்று குறையும், உராய்வில் வீணாவது குறையும், மைலேஜ் கிடைக்கும். ஆனா தென்மேற்குப் பருவக்காத்து அடிக்கும்போது காவல்கிணறு பக்கமிருந்து நாகர்கோவிலுக்கு வந்து பாருங்க. மேற்கேயிருந்து மலை இடுக்கு வழியா வர்ற காத்து நேரே நெஞ்சில் அடிக்கும். முப்பந்தலில் அத்தனை காத்தாடி சும்மாவா நட்டு வச்சிருக்காங்க?

கொஞ்சம் கணக்கு (பயப்படாதீங்க, ஒரு பத்திதான்). காத்தின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். நீங்க போறது 50, எதிர்க்காத்து 40 என்றால் வண்டிக்கு அது 90. ஒன்பதை ஐந்தால் வகுத்து வர்க்கம் எடுத்தால் 3.24. அதாவது அதே 50-இல் போக, காத்தைத் தள்ள மட்டும் மூணு மடங்குக்கு மேல் சக்தி வேணும். ஸ்ப்ளெண்டரிடம் இருப்பதே சுமார் 8 குதிரைசக்தி. (2011-இல் கம்பெனி பேர் மாறியாச்சு, நம்ம ஊருக்கு அது இன்னும் ஹீரோ ஹோண்டாதான்!) அந்த 8-ம் நிமிடத்துக்கு 8000 சுற்றில்தான் வரும். டாப் கியரில் 50-இல் போகும்போது எஞ்சின் அதைவிட நல்லாக் குறைஞ்ச சுற்றில்தான் ஓடும். சுற்று குறைஞ்சா கிடைக்கிற சக்தியும் குறையும். பின்னால் வீட்டுக்காரம்மா, முன்னால் தோவாளையில் வாங்கின பூ மூட்டைன்னு இருந்தா கேக்கவே வேண்டாம்.

அப்ப என்ன நடக்குது? ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கியும் வண்டி இழுக்காது. எஞ்சின் திணறும், செயின் அடிக்கும், பிஸ்டன் மேல் விழுற அழுத்தமெல்லாம் கிராங்க் பேரிங்குக்குப் போகும். சுற்று குறைவு என்பதால் ஆயில் பம்ப் தள்ளுற ஆயிலும் குறைவு. பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் போய் எஞ்சினை வேலைக்கு இறக்கணும்.

இதைவிட எனக்குப் பெரிசாத் தோணுறது உயிர். லாரி மறைப்பில் காத்தில்லாமல் போய்ட்டு, அதைத் தாண்டி வெளியே வந்த நொடி காத்து பளார்னு அறையும். அந்த நேரம் கையில் இழுவை இருக்கணும். மூணாவது கியரில் இருந்தால் முறுக்கினதும் வண்டி முன்னே போகும். டாப்பில் இருந்தால் லாரிக்குப் பக்கத்திலேயே நின்னு ஆடும்.

சரி, ஸ்ப்ளெண்டரில் ஆர்பிஎம் மீட்டர் கிடையாதே, எப்படிக் கண்டுபிடிக்க? கொஞ்சம் முறுக்கிப் பாருங்க. வேகம் ஏறினால் கியர் சரி. சத்தமும் நடுக்கமும் மட்டும் கூடினால் ஒரு கியர் இறக்குங்க. மூணில் சத்தம் கூடத்தான் செய்யும், அதுக்காக எஞ்சின் கெட்டுப்போகாது. பெட்ரோல்தான் கவலைன்னா வேகத்தைக் குறைங்க. அதே காத்தில் 50-ஐ 40 ஆக்கினால் எதிர்ப்பு ஐந்தில் ஒரு பங்கு இறங்கிடும். கியரைக் கட்டிப்பிடிச்சு இந்த மிச்சம் வராது.

புல்லட்காரங்க சிரிக்கிறது தெரியுது. கனமான ஃப்ளைவீல், 350 சிசி, டாப்பில் டப் டப்னு போகலாம். அந்தப் பெருமையை 97 சிசி வண்டியில் காட்டாம இருந்தா சரி.

திருநெல்வேலிக்குப் போகும்போது அதே காத்து முதுகைத் தள்ளும். அப்போ தாராளமா டாப்பில் போட்டுட்டுக் கியரை மறந்துடலாம். அண்ணாச்சி ஜெயிக்கிறது அந்தப் பக்கம் மட்டும்தான் :-)