பதில் சொல்லாத உபாத்தியாயர்

வகுப்பில் ஒரு பையன் ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்டால், அவனை மக்கு என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் இருபது வருஷம் சாக்குக்கட்டி பிடித்த அனுபவத்தில் நாம் கண்டது வேறு. அநேகமாக அவனுக்கு யாரும் சரியாகப் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள்!

காஞ்சீபுரம் ஜில்லாவில் ஏகனாபுரம் என்று ஒரு கிராமம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு மேற்கே, பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. தேவையான நிலம் 5,000 ஏக்கருக்கு மேல். ஏகனாபுரத்து வீடுகளும் வயல்களும் அதில் அடக்கம். அம்மாதம் 15-ஆம் தேதி கூடிய கிராம சபையில் ஜனங்கள் எழுந்து பேசி, "வேண்டாம்" என்று தீர்மானம் செய்தார்கள். பிறகு கூடிய சபைகளிலும் அதே தீர்மானம். பத்துத் தடவைக்கு மேல் ஆகிவிட்டது. 2024 பார்லிமெண்டுத் தேர்தலில் பெரும்பாலோர் ஓட்டுச் சாவடிப் பக்கமே போகவில்லை.

வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் அங்கத்தினர். 1993-ல் அமலுக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் தந்த பாக்கியம் இது. இங்கே பிரதிநிதி இல்லை, குடிமக்களே பேசுகிறார்கள். ஆனால் நிலம் எடுப்பதோ, தொழில் நோக்கங்களுக்கான 1997-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி. அதற்குக் கிராம சபையின் சம்மதம் தேவையில்லை. ஆகவே ஜனங்கள் பேசலாம், தீர்மானம் எழுதலாம், அது காகிதக் கட்டில் சேரலாம். அவ்வளவுதான்!

விமான நிலையமே கூடாதென்று சாதிக்க நாம் வரவில்லை. மீனம்பாக்கத்தில் இடம் போதாது என்பதும், நாட்டில் தொழில் வளர வேண்டும் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயங்களே. 2022-ல் மந்திரிகள் கிராமத்தாரைக் கோட்டைக்கு அழைத்துப் பேசியதும் உண்டு. ஆனால் கேள்வி எழுந்த இடம் கோட்டையல்ல, கிராம சபை. சபையின் தீர்மானத்துக்கு அடுத்த சபை கூடுமுன் காரணங்களுடன் எழுத்தில் பதில் வரவேண்டும். அதை எல்லோரும் கேட்க அங்கே படிக்கவேண்டும். இந்த ஒரு விதி இருந்தால் போதும். பதில் கசப்பாயிருக்கலாம், மௌனத்தைவிட மரியாதையானது.

அதே ஜில்லாவில்தான் உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்துச் சபை விதிகளை அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துப் பெருமை என்று நாம் பாடம் நடத்துகிறோம். ஏதாவதொரு பையன் எழுந்து, "ஸார், பக்கத்து ஊர்ச் சபை சொன்னதற்கு என்ன பதில் வந்தது?" என்று கேட்டால், எந்த உபாத்தியாயர் என்ன சொல்வது?