பிள்ளை யார் சொத்து?

விவாகரத்து என்றவுடன் வைதீகர்கள், "ஐயோ, பிள்ளைகள் கதி என்னாவது?" என்று அழுகின்றார்கள். நிதம் அடியும் வசவும் கண்டு வளரும் பிள்ளையின் கதியைப்பற்றி மாத்திரம் இவர்களுக்குக் கவலையில்லை போலும்! 1956-ம் வருஷத்து இந்து மைனர் கார்டியன் சட்டம், தகப்பனே இயற்கைக் காப்பாளன், அவனுக்குப் பின்னரே தாய் என்றது. ஐந்து வயது வரை சாதாரணமாய்த் தாயிடம் இருக்கலாமாம்! அதாவது பால் கொடுக்கவும் மலம் துடைக்கவும் அவள்; கையெழுத்துப்போட அவன். தகப்பன் உயிரோடிருந்தும் கவனியாவிட்டால் தாயும் காப்பாளராகலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு பொருள் சொல்ல 1999 வரை ஆயிற்று. மைனரின் நலனே பிரதானம் என்றும் அச்சட்டமே கூறுகின்றது. அப்படியாயின் பிரிந்த பெற்றோர் பிள்ளையைத் தூது விடுவதும், "அப்பன் யோக்கியனா, ஆத்தாள் யோக்கியமா" என்று சாக்ஷி கேட்பதும் என்ன நியாயம்? தாங்கள் பிரிந்ததற்கு அது காரணமல்லவென்று அதனிடம் ஒரு வார்த்தை சொன்னவர்கள் எத்தனை பேர்?