டிஷ்ஷை முதலில் கட்டிப் போடுங்கள்!

சிக்னல் எத்தனை சதவீதம் வருகிறது என்று கேட்பவர்கள் நிறையப் பேர். டிஷ்ஷை எதில் கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக் கொள்ள ஒரு விபத்து தேவைப்பட்டது.

நான் இருப்பது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில். இங்கே ஆர்.வி. என்று ஒரு வண்டி உண்டு. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். விடுமுறை வந்தால் வீட்டையே ஓட்டிக் கொண்டு போய்க் காட்டில் நிறுத்திவிடலாம். காட்டில் கேபிள் டிவி ஏது? செல்போன் சிக்னலும் பல இடங்களில் இருக்காது. எனவே மூன்று கால் ஸ்டாண்டில் ஒரு சிறிய டிஷ்ஷை மாட்டி வண்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கொள்வார்கள். நானும் அப்படித்தான்.

அமரில்லோ நகருக்கு அருகே பேலோ டூரோ என்ற பெரிய பள்ளத்தாக்கு இருக்கிறது. அந்த வட்டாரத்தில் வசந்த காலக் காற்று பொல்லாதது. அங்கே ஒரு நாள் காலையில் முக்கால் மணி நேரம் போராடி டிஷ்ஷைத் திருப்பி, சாட்டிலைட்டைப் பிடித்து, பெருமையுடன் உட்கார்ந்தேன். "ஏங்க, அது ஆடுதே, ஒரு கயிறு போட்டுக் கட்டக் கூடாதா?" என்று மனைவி கேட்டார். சிக்னல் நன்றாக இருக்கிறது என்று பதில் சொன்னேன். கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தம் இல்லை என்பது மதியம் மூன்று மணிக்குப் புரிந்தது. ஒரே வீச்சு. டிஷ் பின்பக்கமாகச் சாய்ந்து, உருண்டு, பக்கத்து முகாமின் மடக்கு நாற்காலி மீது விழுந்தது. அதில் உட்கார்ந்திருந்த சிறுமி தண்ணீர் குடிக்க எழுந்து போய் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவளுடைய அப்பா என்னைத் திட்டவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

அன்று இரவு தூக்கம் வராமல் லேப்டாப்பில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 18 அங்குல டிஷ்ஷை நேராகத் தாக்கும் காற்று மணிக்கு 30 கி.மீ. வேகம் என்றால், தள்ளும் விசை ஏறத்தாழ 1 கிலோ. சரி, தாங்கும். வேகம் 60 கி.மீ. ஆனால் 2 கிலோ என்று நினைப்பீர்கள். இல்லை, 4 கிலோ! வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். பெரிய டிஷ் என்றால் அது 8 கிலோ வரை போகும். இந்த விசை ஒரு மீட்டர் உயரத்தில் நெம்புகோல் போல வேலை செய்கிறது. ஸ்டாண்டும் டிஷ்ஷும் சேர்ந்து 8 கிலோ, கால்கள் நடுவிலிருந்து அரை மீட்டர் விரிந்திருக்கின்றன என்று வையுங்கள். இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள பக்கமாகச் சாய 2 கிலோ விசையே போதும். பிறகு ஏன் விழாது?

ஆகவே என் கருத்து இதுதான். சிக்னல் தேடும் மீட்டருக்கும் தானாகத் திரும்பும் மோட்டாருக்கும் பணம் செலவழிக்கும் முன், எடைக்கும் கயிறுக்கும் செலவழியுங்கள். ஸ்டாண்ட் விற்பவர்கள் கயிறையும் தரையில் திருகும் ஆணியையும் பெட்டியிலேயே போட்டுத் தர வேண்டும். பெரும்பாலும் அவற்றைத் தனியாக வாங்க வேண்டியிருக்கிறது. சீட் பெல்ட்டைத் தனியாக விற்றால் கார் வாங்குவோமா?

மிக மலிவான எடை தண்ணீர். 5 காலன் பக்கெட் ஒன்றை நிரப்பினால் 19 கிலோ. போகும் போது காலியாக எடுத்துச் செல்லலாம். ஸ்டாண்டின் நடுவில் இதைத் தொங்கவிட்டால், நான் போட்ட கணக்கில் 2 கிலோவில் சாய்ந்தது 6 கிலோவுக்கு மேல் தாங்குகிறது. பக்கெட் தரையைத் தொடக் கூடாது. ஓர் அங்குலம் மேலே தொங்கட்டும். தரையில் உட்கார்ந்துவிட்டால் ஸ்டாண்ட் சாயத் தொடங்கிய பிறகுதான் எடை பிடிக்கும். அதற்குள் சிக்னல் போயிருக்கும். பக்கெட் ஊசலாடாமல் கால்களோடு சேர்த்தும் கட்டுங்கள்.

கால்களை எப்படி வைப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் டிஷ் தெற்கே பார்த்து நிற்கும். குழிவான முன்பக்கத்தில் காற்று புகும் போதுதான் அடி அதிகம். ஒரு காலை நேர் பின்னால், அதாவது வடக்கே, வைத்தால் அந்தத் திசையில் தாங்கும் திறன் இரண்டு மடங்காகிறது. காசு செலவில்லாத வேலை.

மண் தரை என்றால் நாய் கட்டப் பயன்படும் திருகு ஆணி நன்றாகப் பிடிக்கும். சாதாரணக் கூடார ஆணி மணலில் வெண்ணெயில் குத்திய ஊசி மாதிரி வந்துவிடும். சில முகாம்களில் தரையில் எதையும் அடிக்கக் கூடாது. அடியில் மின்சாரக் கேபிளும் தண்ணீர்க் குழாயும் ஓடும். கேட்டுவிட்டு அடியுங்கள். கயிறு பாலியெஸ்டராக இருக்கட்டும். நைலான் நனைந்தால் நீளும். கொக்கி வைத்த ரப்பர் கயிறு வேண்டவே வேண்டாம். டிஷ்ஷை ஆடவிடும், தெறித்தால் கண்ணைக் குத்தும். கயிறில் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள். இருட்டில் தடுக்கி விழுவது பெரும்பாலும் கட்டியவரேதான்.

விழாவிட்டாலும் தொல்லை உண்டு. சாட்டிலைட் 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. 18 அங்குல டிஷ் 2 டிகிரி திரும்பினாலே சிக்னல் பாதியாகிவிடும். ஈர மண்ணில் ஒரு கால் ஓர் அங்குலம் புதைந்தால் அந்த 2 டிகிரி வந்துவிடுகிறது. கால்களுக்குக் கீழே பலகைத் துண்டு போடுங்கள். கேபிளைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். டிஷ் விழுந்தால் வண்டியில் உள்ள இணைப்பையும் பிடுங்கிக் கொண்டு போகும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். புயல் வந்தால் டிவியில் சொல்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள். கனமழை மேகம் குறுக்கே வந்ததும் முதலில் நிற்பது சாட்டிலைட் படம்தான். எச்சரிக்கை தேவைப்படும் அதே நேரம்! தவிர, வரும் உள்ளூர் சேனல் உங்கள் வீட்டு முகவரிக்கு உரியதாக இருக்கலாம். ஹூஸ்டன் வெயிலைப் பார்த்தபடி அமரில்லோவின் சூறாவளியில் மாட்டிக் கொள்வீர்கள். 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகளில் வரும் அரசின் வானிலை ரேடியோ ஒன்றை வைத்துக் கொள்ளுங்கள். இடி கேட்டால் டிஷ்ஷைத் தொடப் போகாதீர்கள்.

இப்போது பலர் இன்டர்நெட்டுக்காக ஸ்டார்லிங்க் மினி போன்ற தட்டையான ஆண்டெனா வாங்குகிறார்கள். கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு இதையும் விசாரிக்கிறார்கள். அது சாட்டிலைட்டைத் தானே பின்தொடரும். துல்லியமாகத் திருப்பும் வேலை இல்லை. அதனால் கட்டும் வேலையும் இல்லை என்று நினைக்கிறார்கள். அதன் எடை சுமார் 1.1 கிலோ. நேர் எதிரே 60 கி.மீ. காற்று அடித்தால் தள்ளும் விசை ஒன்றரை கிலோ. பார்க்கப் புத்தகம் மாதிரி இருக்கிறது. பறப்பதும் அப்படித்தான்.

பேலோ டூரோவில் மறுநாள் காலை பக்கத்து முகாமுக்குப் போய் நாற்காலிக்குப் பணம் கொடுத்தேன். அந்த அப்பா வாங்கவில்லை. தன் வண்டியிலிருந்து ஒரு காலி பக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். இப்போதும் அதைத்தான் தொங்கவிடுகிறேன்.