கொழுத்த டயரும் மொட்டை டயரும்

தர்மபுரி நாலு ரோட்டில் சாயங்காலம் அரை மணி நேரம் நின்றால் போதும். 'ங்ங்ங்ங்' என்று ஒரு ரீங்காரம் காதைத் துளைத்துக்கொண்டு போகும். வண்டு என்று நினைத்துவிடாதீர்கள். மட் டயர் மாட்டிய ஜீப் ஒன்று தார் ரோட்டில் டீக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சேற்றுக்காகச் செய்த டயர். அந்த வண்டி கடைசியாகப் பார்த்த சேறு, வாட்டர் சர்வீஸ் கடை வாசலில் தேங்கியிருந்த தண்ணீராக இருக்கும்.

இப்போது இது ஜீப்போடும் நிற்கவில்லை. ஏலத்தில் பழைய மிலிட்டரி லாரியை எடுப்பது, இல்லாவிட்டால் ஒரு டெம்போ ட்ராவலரை வாங்குவது, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணி டேங்க், சோலார் எல்லாம் வைத்து 'எக்ஸ்பெடிஷன் டிரக்' என்று பெயர் சூட்டுவது. லடாக் போகலாம், ரான் ஆஃப் கட்ச் போகலாம். போகட்டும், நல்ல விஷயம்தானே. ஆனால் பட்ஜெட்டில் முதல் செலவு எது என்று பாருங்கள். பிரேக் கிடையாது, ஸ்பிரிங் பட்டை கிடையாது. டயரும் வீலும்தான்! காரணம் சுலபம். போட்டோவில் தெரிவது அது மட்டும்தான்.

தமிழ்நாட்டில் உண்மையான எக்ஸ்பெடிஷன் டிரக் எது தெரியுமா? திருச்செங்கோட்டு ரிக் லாரி. போர்வெல் போடும் வண்டி. சாதாரண லாரி சேஸிஸ் மேல் கம்ப்ரசரையும் டிரில்லிங் மெஷினையும் ஏற்றி, கூடவே பைப் ஏற்றிய துணை லாரி ஒன்றையும் அழைத்துக்கொண்டு, ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், அதையும் தாண்டி ஆப்பிரிக்கா வரை போய் வந்த ஜாதி அது. தர்மபுரி மாதிரி தண்ணிக்குத் தவிக்கிற மாவட்டத்தில் இது நுழையாத தோட்டம் கிடையாது. உழுத காடு, கல்லாங்குத்து, ஓடை, வரப்பு எதையும் விடாது. டிரைவரும் ஆட்களும் மாசக்கணக்கில் அதோடுதான் குடும்பம் நடத்துகிறார்கள். அந்த வண்டியில் என்ன டயர் இருக்கிறது? லாரி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த 10.00-20 தான். முன்னாடி ரிப் டயர், பின்னாடி பட்டன் டயர். எங்கே பஞ்சர் ஆனாலும், அந்த ஊர் பஞ்சர் கடைக்காரருக்குத் தெரிந்த டயர். அவர்கள் யாரும் யூடியூப் பார்த்து டயர் வாங்கவில்லை. முதல் கேள்வியே அவர்களுக்கு வேறு: "இது கிழிந்தால் அடுத்தது எங்கே கிடைக்கும்?"

இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி ஃபேன்ஸி டயர்கள் கடைக்குத் திரும்பிப் போய்விடும். இறக்குமதி சைஸில் ஐந்து டயர் வாங்கி மாட்டிக்கொண்டு போகிறவர், ஸ்பிதியில் ஒன்று கிழிந்து ஸ்டெப்னியும் போன பிறகு, பார்சலுக்காக எத்தனை நாள் ரோட்டோரம் சமைத்துச் சாப்பிடுவார்? அதுக்குத்தான் அடுப்பு வைத்தாரோ என்னவோ :-)

அடுத்த கூத்து, பின்னாடி இருக்கும் இரட்டைச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஒற்றை டயர் போடுவது. வெளிநாட்டு வண்டிகளில் அப்படித்தான் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, அதற்கு நியாயமும் இருக்கிறது. முன் சக்கரம் போன தடத்திலேயே பின் சக்கரமும் போகும், மணலில் இழுவை குறையும், இரட்டை டயருக்கு நடுவில் கல் சிக்கிப் பக்கவாட்டைக் கிழிக்கிற தொல்லை இல்லை. எல்லாம் சரி. ஆனால் கணக்கு? 10.00 ஆர் 20, 16 பிளை டயரின் பக்கவாட்டில் 146/143 என்று அடித்திருக்கும். ஒற்றையாகப் போட்டால் ஒரு டயர் 3,000 கிலோ, இரட்டையாகப் போட்டால் டயருக்கு 2,725 கிலோ தாங்கும் என்பது அதன் அர்த்தம். நாலு டயர் இருந்தபோது பின் ஆக்சிலின் தாங்குசக்தி 10,900 கிலோ. அதே டயரை ஒற்றையாக்கினால் 6,000 கிலோ. ஒரு ஸ்பானரைச் சுற்றின சுற்றில் கிட்டத்தட்ட ஐந்து டன் காலி! வெளிநாட்டுக்காரர் ஒற்றை டயர் போடுவது ஒன்றே அந்தச் சுமையைத் தாங்கும் பெரிய டயராகப் பார்த்து. இங்கே போடுவது பக்கத்து வண்டிக்காரர் போட்டதைப் பார்த்து.

வீடு மாதிரிக் கட்டின வண்டி எவ்வளவு எடை என்று கட்டினவருக்கே தெரியாது என்பதுதான் இதில் பயங்கரம். தண்ணி மட்டுமே 400 லிட்டர் என்றால் 400 கிலோ. மேலே பிளைவுட், பேட்டரி, சிலிண்டர், ஆட்கள். (கிச்சன் மேடைக்கு கிரானைட் போட்ட மகானுபாவரும் எங்காவது இருப்பார், கிரானைட் பூமியாச்சே.) ஊருக்கு ஊர் எடை மேடை இருக்கிறது. முன் ஆக்சிலைத் தனியாக, பின் ஆக்சிலைத் தனியாக ஏற்றி எடை போட ஒரு டீ, வடை, போண்டா காசுதான் ஆகும். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு டயர் கடைக்குப் போகிறவரை யாராவது பார்த்ததுண்டா?

அகல டயர் என்றால் பிடிப்பு அதிகம் என்பது அடுத்த மூடநம்பிக்கை. ஆழமான மணலில் அகலம் உதவும், மிதக்கும். ஆனால் தர்மபுரியிலிருந்து மேற்கே எந்த மலைப்பாதையில் ஏறினாலும் இருப்பது மணல் இல்லை. மேலே கொஞ்சம் செம்மண், கீழே கெட்டித் தரை, நடுநடுவே பாறை. மழை பெய்தால் மேல்மண் மட்டும் வழுக்கும். அங்கே குறுகலான டயர்தான் சேற்றை வெட்டிக்கொண்டு கெட்டித் தரையைப் பிடிக்கும். இரண்டாம் உலகப் போர் ஜீப்பில் இருந்தது 6.00-16 டயர். இன்றைய பையன்கள் பார்த்தால் சைக்கிள் டயரா என்று கேட்பார்கள். அதை வைத்துக்கொண்டு பாலைவனம், காடு, பனி எல்லாம் தாண்டினார்கள். அகலம் வேண்டுமென்றால் காற்றைக் குறைத்தால் போதும். காற்று குறைந்த டயர் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் தரையைத் தொடும், அந்த நீளம்தான் பிடிப்பு. செலவு பூஜ்யம். ஆனால் தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்றடிக்க ஒரு கம்ப்ரசர் வேண்டும். இல்லையென்றால் சித்திரை வெயிலில் டயர் சூடாகி வெடிக்கும்.

பென்னாகரம் தொகுதியின் கோட்டூர் மலைக்கு 2021 சட்டமன்றத் தேர்தலில் வாக்குப்பதிவு இயந்திரம் எதில் போனது தெரியுமா? கழுதையில். ரோடு இல்லை. நாலு சின்னக் குளம்பு, ஏற்றின சுமைக்குத் தகுந்த நிதானம். மட் டயர்க்காரர்கள் யாரும் அங்கே டெண்டர் போட்டதாகத் தெரியவில்லை.

"எங்க காசு, எங்க வண்டி, உனக்கு என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், தொப்பூர் கணவாய் என்று ஒன்று இல்லாமல் இருந்தால். தர்மபுரியிலிருந்து சேலம் போகிற யாரும் அந்த இறக்கத்தில் இறங்கியே ஆகவேண்டும். 2020 டிசம்பரில் அங்கே சிமெண்ட் ஏற்றிய ஒரு லாரி கட்டுப்பாடு இழந்து பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் மேல் ஏறியதில் 4 பேர் செத்தார்கள். 2024 ஜனவரியில் மறுபடியும் அதே மாதிரி, மறுபடியும் 4 உயிர். அது டயரால் வந்ததில்லை. ஆனால் அந்த இறக்கத்தில் பிரேக் என்றால் என்ன மதிப்பு என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது 30 இன்ச் டயரைக் கழற்றி 33 இன்ச் போடுகிறார் ஒருவர். சக்கரம் 10 சதவீதம் பெரிசாயிற்று. அதே பிரேக் இப்போது 10 சதவீதம் நீளமான நெம்புகோலோடு மல்லுக்கட்ட வேண்டும். கியரில் இறங்கும்போது இன்ஜின் பிடிக்கும் பிடியும் அதே அளவு குறைந்துவிட்டது. ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 66. மட் டயரில் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், ஈரத் தாரில் ரப்பர் தொடும் பரப்பு குறைவு, நிற்க இன்னும் தூரம் எடுக்கும். இத்தனையும் சேர்ந்து தொப்பூரில் மழையில் இறங்கினால் முன்னாடி போகிற டூவீலர்காரர் இந்த 'எங்க காசு'க்குப் பங்கு போடுகிறார். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதற்குப் பேர் தெரியும், புறவிளைவு. லாபம் ஒருத்தருக்கு, செலவு ஊருக்கு.

சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளா வழக்கு ஒன்றில் அதை உறுதியும் செய்தது. அதைப் படிக்காமல்தான் அத்தனை பேரும் ஸ்பேசர் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

வீல் பற்றி இரண்டு வார்த்தை. இரும்பு டிஸ்க் பள்ளத்தில் விழுந்தால் நெளியும். பாலக்கோட்டிலோ அரூரிலோ ஒரு பட்டறையில் சம்மட்டியால் நாலு தட்டுத் தட்டி ஊர் வந்து சேரலாம். வார்ப்பு அலாய் விரிசல் விடும், விட்டால் விட்டதுதான். வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற அகல வீல் பேரிங்கைத் தின்னும். அழகு என்றால் அழகுதான், மறுக்கவில்லை.

இதெல்லாம் கூடப் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று விட்டுவிடலாம். விட முடியாத விஷயம், அதே ஊர் டயர் கடையின் இன்னொரு வாசலில் நடக்கிறது. சித்தேரி மாதிரி மலைகளின் உள் கிராமங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பிக்கப் வண்டிகளின் டயரைக் குனிந்து பாருங்கள். மொட்டை. பட்டன் இருந்த இடத்தில் வழவழப்பு, சிலதில் நூல் தெரியும். ஆஃப்ரோடு டயர் உண்மையிலேயே வேண்டிய வண்டி மாவட்டத்தில் ஒன்று இருந்தால் அது இதுதான். சந்தைக்குப் போகிற பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ரேஷன் மூட்டை, எல்லாம் அதில்தான். 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் செம்பரை அருகே சாமி கும்பிடப் போன வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். அன்று ஓவர்லோடு பற்றி இரண்டு நாள் பேசினார்கள். பிறகு? அடுத்த பதினஞ்சு பேர் அடுத்த வண்டியில் ஏறிவிட்டார்கள், வேறு வண்டி ஏது?

ரீட்ரேடிங் செய்த டயரைக் குறை சொல்வதாக நினைக்கவேண்டாம். விமான டயரையே ரீட்ரேடிங் செய்துதான் ஓட்டுகிறார்கள். ஒழுங்காகச் செய்ததைப் பின் சக்கரத்தில் தாராளமாகப் போடலாம். ஸ்டியரிங் இருக்கும் முன் சக்கரத்தில் கூடாது. பிரச்சினை ரீட்ரேடிங் செய்யக்கூட வழியில்லாமல் தேயத் தேய ஓட்டுவதுதான்.

கணக்குப் போடுங்கள். பிக்கப் டயர் ஒன்று 7,000 ரூபாய், 50,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். நாலு டயருக்குக் கிலோமீட்டருக்கு 56 பைசா. பதினைந்து பேர் ஏறினால் தலைக்கு 4 பைசா கூட இல்லை. மலைப்பாதையில் பாதி ஆயுளில் தேய்ந்தாலும் 8 பைசாவுக்குள். அப்புறம் ஏன் மொட்டை? ஏனென்றால் பைசா பைசாவாக வரும் காசை டயர் கடையில் ஒரே நாளில் 28,000 ரூபாயாக எண்ணி வைக்க வேண்டும். வண்டி வாங்க இஎம்ஐ கொடுக்க ஃபைனான்ஸ்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். டயருக்கு யார் அப்படி வந்து நிற்கிறார்கள்? ஓட்டுகிறவர் கெட்டவர் இல்லை, அவரிடம் நடைமுறை மூலதனம் இல்லை. எஃப்சி அன்றைக்கு மட்டும் இன்னொரு வண்டியிலிருந்து நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக் காட்டுவது ஊரறிந்த ரகசியம்.

மலைகளில் பழங்குடியினருக்கான லேம்ப்ஸ் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. விவசாயக் கடன் கொடுக்கின்றன, நகைக் கடன் கொடுக்கின்றன. டயர் கடன் ஏன் கொடுக்கக்கூடாது? பத்து வண்டிக்காரர்கள் சேர்ந்து நாற்பது டயர் ஒரே நேரத்தில் வாங்கினால் எந்த டீலரும் விலை குறைப்பார். வட்டி அதிலேயே கழிந்துவிடும். டயரைத் திருப்பிக் கழற்றி விற்கவிடாமல் வரிசை எண்ணைக் கடன் புத்தகத்தில் எழுதிக்கொண்டால் போயிற்று. எஃப்சி நாளில் மட்டும் பார்க்காமல், மழைக்காலத்துக்கு முன்னாடி ஒரு நாள் மலை அடிவாரத்தில் நின்று டயரைப் பார்க்க போக்குவரத்துத் துறைக்கு ஒரு டார்ச் லைட்டும் இரண்டு ஆட்களும் போதும். பார்த்து ஃபைன் போடுவதற்கல்ல, கடன் விண்ணப்பத்தைக் கையில் கொடுப்பதற்கு.

கொசுறு: பழைய மிலிட்டரி லாரி வாங்கியே தீருவேன் என்பவர்கள், டிஸ்க்கில் லாக் ரிங் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெஷின் இல்லாமல் கடப்பாரையாலேயே கழற்றலாம் என்பது அதன் வசதி. துருப்பிடித்த ரிங் சரியாக உட்காராமல் காற்றடித்தால் தலையை எடுத்துக்கொண்டு போகும் என்பது அதன் விலை. இரும்புக் கூண்டுக்குள் வைத்து, இல்லாவிட்டால் ரிங் இருக்கும் பக்கத்தைத் தரையைப் பார்த்துப் போட்டுச் சங்கிலி சுற்றி, நீளமான ஹோஸில் தள்ளி நின்று காற்றடிக்கச் சொல்லுங்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், '1923' என்றால் 2023-ஆம் வருஷம் 19-வது வாரம் செய்தது. 'புத்தம் புதுசு சார்' என்று கடைக்காரர் சொல்லும்போது அதையும் ஒரு தடவை குனிந்து படித்துவிடுங்கள்.