மேற்கோள் மகாத்மியம்

இப்பொழுதெல்லாம் ஒரு ஆராய்ச்சிக்காரரை மேடையில் அறிமுகப்படுத்துகிறவர்கள், அவர் என்ன கண்டுபிடித்தார் என்று சொல்லுவதில்லை. இத்தனை நூறு கட்டுரை எழுதினார், அவை இத்தனை ஆயிரம் தடவை பிறரால் மேற்கோள் காட்டப்பட்டன, அவருடைய எச் குறியீடு இவ்வளவு என்று கணக்குப் படிக்கிறார்கள். சபையோரும் கை தட்டுகிறார்கள். கோடி நாமம் ஜெபித்தவன் பெரிய பக்தன் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

எச் குறியீடு என்பது ஏதோ தேவரகசியமல்ல. ஐம்பது தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் ஒருவருக்கு ஐம்பது இருந்தால் அவருடைய எண் 50. இதை 2005-ல் ஹிர்ஷ் என்ற பௌதிக அறிஞர் சொன்னார். அதற்கு முன்பே, 1964-ல், அமெரிக்காவில் யூஜின் கார்பீல்டு என்பவர் எந்தக் கட்டுரையை எவர் எடுத்துக்காட்டினார் என்று தேடுவதற்காக ஒரு பெரிய அட்டவணை வெளியிட்டார். தேடுவதற்குப் போட்ட அட்டவணை இன்று மனிதனை நிறுக்கும் தராசாகிவிட்டது. இதைக் கொண்டு பதவியும் பணமும் கிடைக்கும் என்றவுடன், நீ என்னைச் சொல், நான் உன்னைச் சொல்லுகிறேன் என்கிற மொய் விருந்தும் ஆரம்பமாகிவிட்டது.

நாம் மேற்கோளே கூடாது என்று சொல்ல வரவில்லை. வைதீகன் மனுவை மேற்கோள் காட்டுவது, அதற்கு மேல் நீ பேசாதே என்று வாயை அடைப்பதற்காக. விஞ்ஞானி மேற்கோள் காட்டுவதோ, இதோ இடம், நீயே போய்ப் பார், தப்பிருந்தால் சொல் என்பதற்காக. ஆனால் தப்பு என்று சொல்லுகிற மேற்கோளும் கணக்கில் ஒன்றாகத்தான் விழுகிறது. 1998-ல் வேக்பீல்டு என்பவர் 12 குழந்தைகளை வைத்துக்கொண்டு, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டு 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார். 2010-ல் அப்பத்திரிகையே அக்கட்டுரையை ரத்து செய்தது. அதற்கு விழுந்த மேற்கோள்களோ ஆயிரக்கணக்கு. எண்ணிக்கைதான் யோக்கியதை என்றால் அந்தப் புரட்டுக்கல்லவா முதல் தாம்பூலம் கொடுக்க வேண்டும்?

நிற்க, சர்க்கரை வியாதியையே எடுத்துக்கொள்ளுவோம். சென்னை டாக்டர் வி. மோகன் ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளில் பெயர் உள்ளவர். அவரும் டாக்டர் ஆர்.எம். அஞ்சனா முதலியவர்களும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடன் சேர்ந்து, 2008 முதல் 2020 வரை 1,13,043 பேரைப் பரிசோதித்து 2023-ல் கணக்கு வெளியிட்டார்கள். அதன்படி நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு இந்த வியாதி. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். இதை உலகத்தார் எடுத்துக்காட்டுகிறார்கள் என்பதில் நமக்கும் சந்தோஷமே. ஆனால் நமக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, 2005-ல் இந்திய மருத்துவர் சங்கத்துப் பத்திரிகையில் மோகன் குழுவினர் வெளியிட்ட சில பக்கங்கள்தான். அதில் நாலே கேள்வி. வயது 35 ஆனால் 20 மார்க்கு, 50 ஆனால் 30. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 இருந்தால் 10. அதற்கு மேல் இன்னும் பத்து ஏறினால் 20. உடற்பயிற்சியும் இல்லாமல் உட்கார்ந்தே வேலை செய்பவனுக்கு 30. இலேசான உழைப்பு உள்ளவனுக்கு 20. தாய் தகப்பனில் ஒருவருக்கு வியாதி இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. கூட்டிப் பார்த்து 60 வந்தால் உடனே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இதற்குத் தையற்காரர் டேப் ஒன்று போதும்.

இராமன் முடி சூடிய பெயரைத் தாங்கிக்கொண்டிருக்கும் நமது பட்டாபிராமிலே, இந்த நாலு கேள்வியை எத்தனை பேர் அறிவார்கள்? கால் புண் ஆறாமல் கறுத்த பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவனுக்கு, சனீஸ்வரனுக்கு எத்தனை எள் விளக்கு என்பது மட்டும் மனப்பாடமாயிருக்கிறது.

இந்த வியாதியின் மருந்திலே மாட்டுக்கும் சம்பந்தம் உண்டு. 1922 ஜனவரியில் கனடாவின் டொரான்டோ நகரில், பாண்டிங், பெஸ்ட் முதலியவர்கள் மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த சாற்றை லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு ஊசி போட்டார்கள். முதல் ஊசி பலிக்கவில்லை. அதை மறைக்காமல், காலிப் என்பவர் மேலும் சுத்தம் செய்து கொடுக்க, மறு ஊசி அதே மாதத்தில் பலித்தது. பிறகு சுமார் அறுபது வருஷ காலம் நோயாளிகள் பிழைத்தது கசாப்புக் கடை மாடு, பன்றிகளின் கணையத்தால். கோமாதா என்று விழுந்து கும்பிட்ட வைதீகர்களும் அந்த ஊசிக்குக் கையை நீட்டினார்கள். சாஸ்திர ஆட்சேபணை ஒன்றும் எழவில்லை.

அந்தக் கோமாதாவுக்கே வெக்கை நோய் வந்தபோது என்ன செய்தார்கள்? மாரிக்குக் கூழ் ஊற்றி, தொழுவத்தில் வேப்பிலை கட்டினார்கள். மாடு செத்தது. 1920-களில் இமயமலைப் பக்கத்து முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையத்தில் எட்வர்ட்ஸ் என்பவர், அந்தக் கிருமியை ஆட்டுக்கு ஆடு மாற்றி ஏற்றி வலுக் குறைத்துத் தடுப்பூசிக்கு வழி கண்டார். பின்னால் கென்யாவில் பிளௌரைட் அதைவிடச் சிறந்ததைச் செய்தார். 2006-ல் இந்தியாவுக்கும், 2011-ல் உலகத்துக்கும் வெக்கை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. எட்வர்ட்ஸுக்கு எத்தனை மேற்கோள் என்று எந்த மாடும் கேட்கவில்லை.

நமது இரத்தத்தையும் நமது மாடுகளையும் சோதித்து, நமது வரிப் பணத்தில் எழுதப்படும் ஒவ்வொரு கட்டுரைக்கும் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று நாம் கேட்பதில் குற்றமென்ன? எதைச் சோதித்தார்கள், எத்தனை பேரை அல்லது எத்தனை மாட்டை, என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை. இவ்வளவுதான். அதைப் பால் சொசைட்டி சுவரிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒட்டட்டும். எச் குறியீட்டை வேண்டுமானால் அடியில் சிறிய எழுத்தில் போட்டுக்கொள்ளட்டும்.

அதுவரை ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லித் தோழர்கள் தங்கள் கூட்டங்களுக்கு ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போகும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். 60 மார்க்குக்கு வந்தவர்களை மறுநாளே அழைத்துப் போகலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனைக்குக் காசு வாங்குவதில்லை.