பின்னாடியும் ஸ்பிரிங் வேணுமா பாஸ்?

சின்னசேலத்துல கிளம்பி, கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியா கல்வராயன் மலை வெள்ளிமலைக்கு சைக்கிள்லயே போகணும்னு ஆசை. கையில இருக்கிறது 15 ஆயிரம். கண்ணு போறதோ முன்னாடியும் பின்னாடியும் ஸ்பிரிங் வெச்ச 'ஃபுல் சஸ்பென்ஷன்' சைக்கிள் மேல!

கொஞ்சம் பொறுங்க பாஸ். இந்த விலையில பின்பக்கம் இருப்பது பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங்தான். துள்ளலை அடக்கும் ஆயில் அமைப்பு இருக்காது. மேட்டுல நீங்க மிதிக்கிற மிதியில ஒரு பங்கை அதுவே முழுங்கிடும். வெயிட்டும் ஜாஸ்தி. அதே காசுக்கு முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் உள்ள, நல்ல பிரேக் போட்ட சைக்கிளா பாருங்க. ஏறும்போது மூச்சுதான் வாங்கும். கொண்டை ஊசி வளைவுல இறங்கும்போது பிரேக் பிடிக்கலைன்னா?

வீல் சைஸ்? 29 இஞ்ச் கல்லையும் குழியையும் ஈஸியா தாண்டும். 26 லேசு, சட்டுனு திரும்பும். 27.5 நடுவுல. ஒண்ணோட டயர் இன்னொண்ணுக்குச் சேராது. அதனால நம்ம ஊர் கடையில எந்த சைஸ் டயர், டியூப் கிடைக்குதுன்னு முதல்ல கேளுங்க.

குழி வந்தா சீட்டை விட்டு லேசா எழுந்து முழங்காலை மடக்குங்க. செலவில்லாத சஸ்பென்ஷன் அதுதான்!