உடையவன் பாராத வண்டி

உடையவன் பாராத பயிர் உருப்படாது என்பார்கள். இது வண்டிக்கும் பொருந்தும். பழைய வண்டி என்றால் இரண்டு மடங்கு பொருந்தும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் படுதாக் கூரை போட்ட பழைய ஜீப்புகளைக் காணலாம். மேலே தகரம் கிடையாது. வெயில் அடித்தால் படுதாவை இழுத்துக் கட்டலாம். காற்று வேண்டும் என்றால் கழற்றலாம். கூரையை மடக்கும் பழைய கார்களையும் சிலர் ஆசையோடு வைத்திருக்கிறார்கள். தாத்தா வாங்கிய வண்டியை விற்க யாருக்குத்தான் மனம் வரும்?

ஆனால், வைத்திருந்தால் மட்டும் போதாது. பேண வேண்டும். பேணாத வண்டி கொட்டகையில் துருப்பிடிக்கும். பேணாமல் சாலைக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து.

அந்தக் கால வழக்கம்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929ஆம் ஆண்டில்தான் ரயில் வந்தது. அதுவரை சாலைதான் வழி. நடு வழியில் மோட்டார் நின்றால் உதவிக்கு ஆள் இல்லை. டிரைவரேதான் மெக்கானிக்.

மதுரையில் 1911ஆம் ஆண்டு மோட்டார்த் தொழிலைத் தொடங்கினார் டி.வி.சுந்தரம் அய்யங்கார். அந்த நாளில் சாலை எங்கும் லாட ஆணிகள் கிடந்தன. அவை டயரைக் குத்தின. அவர் என்ன செய்தார்? காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓட விட்டார். காந்தம் ஆணிகளைப் பொறுக்கியது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தது. கரியிலிருந்து வாயு எடுத்து வண்டியை ஓட்டும் கருவியை அவருடைய நிறுவனம் செய்தது.

குறை எங்கே என்று பார்ப்பது, கையில் உள்ளதைக் கொண்டு சரிசெய்வது: இதுதான் அதில் உள்ள பாடம். வீட்டில் ஒரு பழைய வண்டி வைத்திருப்பவருக்கும் இந்தப் பாடம் உதவும்.

வீட்டிலே செய்யலாம்

முதலில் கூரை. ஈரப் படுதாவை ஒருநாளும் மடக்கக் கூடாது. மடக்கினால் பூஞ்சணம் பிடிக்கும், துணி இற்றுப்போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால், விரித்தபடியே நன்றாக உலர விட வேண்டும். சின்னக் கிழிசலை அன்றே தைக்க வேண்டும். ஒரு விரல் கிழிசல் காற்றில் ஒரு முழமாகும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ போட்டுத் துடைக்கக் கூடாது. அவை துணியின் மேல்பூச்சைக் கெடுக்கும். தண்ணீரும் சிறிது சோப்பும் போதும்.

அடுத்தது தரை. மரத்தடியில் நிறுத்திய வண்டியில் வேப்பிலையும் புளிய இலையும் உதிரும். அவை தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடும். உள்ளே இறங்கிய மழைநீர் மிதியடிக்குக் கீழே தேங்கும். மேலே தெரியாது, அடியில் துரு தின்னும். மழைக் காலத்தில் வாரம் ஒருமுறை மிதியடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

இது ஏன் முக்கியம்? சாதாரணக் காருக்குக் கூரையும் பலம் தரும். கூரை மடக்கும் காருக்கு அந்தப் பலம் இல்லை. முழுச் சுமையையும் அடித்தளமே தாங்குகிறது. அதுதான் முதுகெலும்பு. நேற்றுவரை ஒழுங்காக மூடிய கதவு இன்று இடித்தால், அது கதவின் குற்றம் என்று எண்ணி இழைக்கக் கூடாது. அடித்தளம் தொய்ந்திருக்கலாம். உடனே காட்ட வேண்டும்.

மூன்றாவது பேட்டரி. அதன் முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால், வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்துத் துடைக்கலாம். கழற்றும்போது, வண்டியின் உடம்போடு சேர்ந்த முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் பொறி பறக்கும். தண்ணீர் விடும் பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீர்தான் விட வேண்டும். கிணற்று நீரில் உப்பு இருக்கும். அது பேட்டரியைக் கெடுத்துவிடும்.

புதுக்கோட்டைச் செம்மண் புழுதி காற்று வடிகட்டியை விரைவில் அடைக்கும். அதை அடிக்கடி பார்க்க வேண்டும். கத்தரி வெயிலில் ரேடியேட்டர் கொதிக்கும். கொதிக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. வெந்நீர் முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு திறக்கலாம்.

தொடக் கூடாதவை

எல்லாவற்றையும் தானே செய்து பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு.

பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கற்றுக்கொள்ளும் இடம் அல்ல. பிரேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். நாளாக நாளாக அதன் சக்தி குறையும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவது நல்லது. மிதித்தால் பிரேக் பஞ்சுபோல அமுங்குகிறதா? அந்த வண்டியை ஓட்டக் கூடாது. கை தேர்ந்த மெக்கானிக்கை வீட்டுக்கே அழைத்துவர வேண்டும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போவது தற்கொலைக்குச் சமம். ஜாக்கி வழுக்கும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு வைத்த பிறகே கீழே குனிய வேண்டும். குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது.

புதிய பெட்ரோல், பழைய குழாய்

இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய வண்டிகளை அதற்காகச் செய்யவில்லை. எத்தனால் பழைய ரப்பர் குழாயை உப்ப வைக்கும், வெடிக்க வைக்கும். பெட்ரோல் கசிந்து சூடான எஞ்சின் மேல் விழுந்தால் தீப்பிடிக்கும். ஆகவே பழைய குழாய்களை மாற்றி, எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் போட வேண்டும். கூடவே ஒரு சிறிய தீயணைப்புக் கருவியையும் வாங்கி, கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். பழைய வண்டிக்குச் செய்யும் புதுமைகளில் இவையே முதன்மையானவை. பளபளக்கும் விளக்கும் அலறும் ஹாரனும் அல்ல.

உருவத்தை மாற்றாதீர்

இளைஞர்கள் சிலருக்கு இன்னொரு ஆசை உண்டு. மூடிய காரின் கூரையை அறுத்துவிட்டால் திறந்த கார் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. கூரையோடு பலமும் போய்விடும். சட்டமும் இடம் தராது. பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது.

சொந்தக் காருக்கு 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை. 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்ய 2021ஆம் ஆண்டில் விதி வந்தது. அந்தப் பெருமை எந்த வண்டிக்குக் கிடைக்கும்? பழைய உருவம் மாறாத வண்டிக்குத்தான். வெட்டி ஒட்டிய வண்டிக்கு இல்லை.

வீட்டுப் பள்ளி

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும். அப்பா படுதாவைத் துடைக்கட்டும். மகன் டயரில் காற்றைப் பார்க்கட்டும். மகள் எஞ்சின் ஆயிலின் அளவைப் பார்த்து நோட்டில் எழுதட்டும். என்று எண்ணெய் மாற்றினோம், என்று குழாய் மாற்றினோம் என்பது அந்த நோட்டில் இருக்க வேண்டும். படிக்கத் தெரிந்த வீட்டுக்கு அதுவும் ஒரு பயன்.

சின்ன வேலையைத் தானே செய்பவனுக்கு வண்டியின் குரல் தெரியும். எந்தச் சத்தம் புதிது என்று அவன் அறிவான். பெரிய வேலைக்கு எப்போது ஆள் அழைக்க வேண்டும் என்பதும் அவனுக்குத்தான் தெரியும்.

தாத்தாவின் வண்டியில் பேரக்குழந்தைகள் ஏறுகிறார்கள். அவர்கள் ஏறும் முன்பு வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்ப்பது பெரியவர்களின் கடமை.